ரிப்போர்ட்டில் வரும் 'கோலின்', 'என்.ஏ.ஏ.' என்றால் என்ன? உடம்பின் மெல்லிய குரலைக் கேட்கும் ஸ்கேன்

மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் சிலருக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக இருக்கும். கோலின் அதிகம், என்.ஏ.ஏ. குறைவு, லிப்பிட் உச்சம் தெரிகிறது என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். கூடவே ஏறியும் இறங்கியும் போகும் ஒரு கோட்டுப்படம். 'எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி', சுருக்கமாக எம்.ஆர்.எஸ். என்று தலைப்பு. படம் என்றால் ஏதோ கொஞ்சம் புரிகிறது. இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் விளங்காது. டாக்டரிடம் கேட்கவும் தயக்கம். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கியமானது ஒன்று உண்டு. இது மிகவும் பலவீனமான ஒரு சிக்னலை வைத்துச் செய்யப்படுவது. ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, ஏன் 'அசையாதீங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஏன் சில சமயம் 'ரிசல்ட் சரியாக வரவில்லை' என்கிறார்கள், ஏன் இதை மட்டும் நம்பி டாக்டர் முடிவெடுப்பதில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. உலகெங்கும் இத்துறை விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகப் பாடுபடுவதும் அந்த மெல்லிய குரலைக் கொஞ்சம் உரக்கக் கேட்பதற்காகத்தான்.

முதலில், இது எதற்குத் தேவைப்படுகிறது?

சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள செல்லிப்பட்டிலோ, வில்லியனூர் சுல்தான்பேட்டையிலோ ஒரு வீட்டில் இருபது வயதுப் பையனுக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது என்று வையுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஸ்கேனில் மூளையில் மோதிரம் மாதிரி ஒரு வட்டம் தெரிகிறது. நம் நாட்டில் அந்த மோதிரத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, நாடாப்புழுவின் முட்டைப்பருவம் கடந்த கூடு, அல்லது புற்றுநோய்க் கட்டி. படத்தில் நான்கும் ஒன்றுபோலவே தெரியலாம். சிகிச்சையோ நான்குக்கும் வேறு வேறு. காசநோய் என்றால் பல மாதம் மாத்திரை. சீழ் என்றால் அதை வெளியேற்றி ஆன்டிபயாடிக். புற்றுநோய் என்றால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. மண்டையோட்டில் துளையிட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் வேறு ஏதாவது தடயம் கிடைக்காதா என்றுதான் டாக்டர்கள் தேடுகிறார்கள்.

(நாடாப்புழு என்றதும், 'நாங்கள் பன்றி இறைச்சி தொடுவதே இல்லையே, எங்களுக்கு எப்படி?' என்று நம் வீடுகளில் கேட்பது இயல்பு. மூளைக்குப் போகும் இந்த நோய் இறைச்சியிலிருந்து நேராக வருவதில்லை. புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறி, தண்ணீர், கழுவாத கீரை, அழுக்குக் கை வழியாக வாய்க்குள் போவதால் வருகிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும்.)

சாதாரண எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள தண்ணீரையும் கொழுப்பையும் வைத்துப் படம் வரைகிறது. எம்.ஆர்.எஸ். அதே மெஷினில், அதே காந்தத்தில் நடப்பதுதான். ஆனால் இது தண்ணீரை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் செல்கள் என்னென்ன வேதிப்பொருளை வைத்திருக்கின்றன என்று பார்க்கிறது. செல்கள் உயிர்வாழும்போது உண்டாக்கியும் செலவழித்தும் வரும் இந்தப் பொருட்களை வளர்சிதை மாற்றப் பொருட்கள் என்கிறோம். ஆரோக்கியமான நரம்புச் செல்லில் என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட் நிறைய இருக்கும். ரிப்போர்ட்டில் வரும் என்.ஏ.ஏ. அதுதான். நரம்புச் செல் அழிந்தால் அது குறையும். செல்சவ்வுகள் வேகமாகக் கட்டப்படும்போதும் உடைபடும்போதும் கோலின் ஏறும். ஆக்சிஜன் போதாத இடத்திலும், சர்க்கரையைத் தாறுமாறாக எரிக்கும் கட்டியிலும் லாக்டேட் தலைகாட்டும்.

இந்தக் கோலினுக்கும் சாப்பாட்டுக் கோலினுக்கும் சம்பந்தம் தேடி, வீட்டில் முட்டையையும் ஈரலையும் நிறுத்த வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் உள்ளது அந்தக் குறிப்பிட்ட இடத்துச் செல்சவ்வின் கதை.

காசநோய்க் கட்டியைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் ராகேஷ் குப்தாவின் குழு 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தது. காசநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பு மிகுந்தது. அதனால் கட்டியின் உட்பகுதியில் கொழுப்பின் உச்சம் தூக்கலாகத் தெரிவதை அவர்கள் காட்டினார்கள். சீழ்க்கட்டியில் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களும், கிருமிகள் விட்டுச் செல்லும் அசிட்டேட், சக்சினேட் போன்றவையும் தெரியும். புற்றுநோய்க் கட்டியில் இவை பொதுவாக வராது. இப்படித்தான் மோதிரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கத்தி வைக்காமலே ஊகிக்க முடிகிறது.

கேட்பதற்கு எளிது. கஷ்டம் எங்கே என்றால், அந்தக் குரல் எவ்வளவு மெல்லியது என்பதில்.

பத்து லட்சத்தில் பத்து ஓட்டு

ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தம். மெஷினின் பெரிய காந்தத்துக்குள் போனதும் அவை எல்லாமே ஒரே பக்கம் திரும்பி நிற்கும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. உடம்பின் வெப்பம் அவற்றை அலைக்கழித்துக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறையப் பாதி ஒரு பக்கம், பாதி எதிர்ப்பக்கம். எதிரெதிரே நிற்பவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. மிஞ்சும் வித்தியாசம்தான் சிக்னல்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் 3 டெஸ்லா காந்தத்தில், பத்து லட்சம் அணுக்களுக்கு வெறும் பத்து. புதுச்சேரியின் சின்னத் தொகுதிகளில் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் நமக்குப் புதிதல்ல. இங்கே பத்து லட்சம் ஓட்டு பதிவாகி, ஒருவருக்கு 5,00,005, மற்றவருக்கு 4,99,995 விழுந்த மாதிரி. அந்தப் பத்து ஓட்டை வைத்துத்தான் மெஷின் பேசுகிறது. 1.5 டெஸ்லா மெஷினில் அதுவும் ஐந்தாகிவிடும்.

தண்ணீருக்கு இது போதும். உடம்பு முழுக்கத் தண்ணீர்தானே. ஆனால் என்.ஏ.ஏ., கோலின் போன்றவை தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாக இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது அடுத்த அறையில் ஒரு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்பதற்குச் சமம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 3 டெஸ்லாவில் ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 12 கோடியே 80 லட்சம் முறை அதிர்கிறது. கோலினில் உள்ள ஹைட்ரஜனுக்கும் கிரியேட்டினில் உள்ள ஹைட்ரஜனுக்கும் அதிர்வில் இருக்கும் வேற்றுமை சுமார் 25 மட்டுமே. காந்தம் இடத்துக்கு இடம் துளி மாறினாலும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகிவிடும். அதனால்தான் ஸ்கேன் தொடங்குமுன் காந்தத்தைச் சீராக்கும் வேலை ஒன்று நடக்கிறது. அதை 'ஷிம்' என்பார்கள். எலும்பு, காற்று உள்ள சைனஸ், பழைய ரத்தக்கசிவு இவற்றுக்குப் பக்கத்தில் அந்தச் சீர் எளிதில் அமையாது. 'அந்த இடத்தில் எம்.ஆர்.எஸ். சரியாக வராது' என்று ரேடியாலஜி டாக்டர் சொன்னால், அவர் வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

சரி, மெல்லிய குரலை எப்படிக் கேட்பது? முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'என்ன? இன்னொரு தடவை சொல்லு.' மெஷினும் அதைத்தான் செய்கிறது. நூறு தடவைக்கு மேல் கேட்டு, எல்லாவற்றையும் கூட்டுகிறது. சிக்னல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருவதால் கூடிக்கொண்டே போகும். இரைச்சல் தாறுமாறாக வருவதால் அந்த வேகத்தில் கூடாது. 128 முறை, ஒவ்வொன்றுக்கும் 2 நொடி என்றால் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இதில் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. தெளிவு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆக வேண்டும். டாக்டர் ஒரு கட்டியின் மீது பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியைக் குறித்து நாலு நிமிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டி சின்னதாக இருக்கிறதே, 1 சென்டிமீட்டர் பெட்டி வைக்கலாமே என்று தோன்றும். பெட்டியின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிட்டது, சிக்னலும் எட்டில் ஒன்று. அதே தெளிவு வேண்டுமென்றால் 64 மடங்கு நேரம். நாலு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழாய்க்குள் யார் படுத்திருப்பார்கள்? சின்னக் கட்டிகளில் எம்.ஆர்.எஸ். தடுமாறுவதன் காரணம் இதுதான்.

எனவே நேரத்தைக் கூட்டாமல் சிக்னலைக் கூட்ட வேண்டும். இதில் முதல் பெரிய தாவல் 1966-ல் நடந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், அமெரிக்காவில் வெஸ்டன் ஆண்டர்சனோடு வேலை செய்தபோது, ஒவ்வோர் அதிர்வாக வரிசையில் தேடிப்போகும் பழைய முறையை விட்டுவிட்டு, ஒரே தட்டில் எல்லா அணுக்களையும் ஒலிக்கச் செய்து, பிறகு கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுவரை நீண்ட நேரம் எடுத்தது சில நொடிகளுக்குச் சுருங்கியது. இந்தத் துறைக்கு அவர் செய்ததற்காக 1991-ல் வேதியியல் நோபல் பரிசு தனியாக அவருக்குக் கிடைத்தது. இன்று நம்மூர் ஸ்கேன் சென்டர் வரை எல்லா எம்.ஆர். மெஷினும் அந்த முறையில்தான் ஓடுகிறது.

அடுத்தது காதைப் பக்கத்தில் கொண்டுபோவது. தலைக்கு மாட்டும் கூண்டு, மார்புக்கு வைக்கும் தட்டு ஆகியவை எல்லாம் 'காயில்' எனப்படும் வாங்கிகள். முன்பு ஒரே காயில் இருந்த இடத்தில் இப்போது பல சிறு காயில்கள் சேர்ந்து கேட்கின்றன. காந்தத்தின் வலிமையைக் கூட்டுவதும் ஒரு வழி. 2017-ல் அமெரிக்க அரசு 7 டெஸ்லா மெஷினை நோயாளிகளுக்குப் பயன்படுத்த அனுமதித்தது. பத்து ஓட்டு அங்கே இருபத்து மூன்று ஆகிறது. விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறுகிறது.

நம் நாட்டில் பார்த்தால், டெல்லி எய்ம்ஸில் பேராசிரியர் என்.ஆர். ஜகந்நாதன் தலைமையிலான குழுவின் வேலை குறிப்பிடத்தக்கது. முற்றிய நிலையில் வந்த மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கட்டியிலுள்ள கோலினை எம்.ஆர்.எஸ். மூலம் பார்த்தார்கள். கீமோதெரபி கொடுத்தபின் அது குறைவதையும் மறைவதையும் 2001-ல் வெளியிட்டார்கள். மருந்து கேட்கிறதா இல்லையா என்று அறிய ஒரு வழி. இதை ஏன் பெரிய கட்டிகளில் செய்தார்கள் என்று யோசித்தால் மேலே சொன்ன பெட்டிக் கணக்கு நினைவுக்கு வரும். பெரிய கட்டியில்தான் குரல் கேட்கும் அளவுக்கு இருந்தது. சின்னதாக இருக்கும்போதே கேட்க வேண்டுமென்பதுதான் எல்லோருடைய ஆசையும்.

ஹரியானா மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் வேறொரு கஷ்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளையின் காவல் பொருளான குளுட்டாதயோன் என்ன ஆகிறது என்பது கேள்வி. அதன் அளவு மிகக் குறைவு. போதாக்குறைக்கு அதன் உச்சம் பெரிய கிரியேட்டின் உச்சத்துக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு 1998-ல் வெளியிட்ட முறை அது. இரண்டு வகையாக மாறி மாறிக் கேட்பார்கள். ஒன்றில், தேடுகிற மூலக்கூறை மட்டும் சீண்டிவிடும் ஒரு சிறு அலை சேர்க்கப்படும். மற்றதில் அது இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், சீண்டலுக்கு அசையாத கிரியேட்டின் இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதால் பூஜ்யமாகிவிடும். ஒளிந்திருந்தது மட்டும் மிஞ்சும். பிரவத் மண்டல் தலைமையிலான மானேசர் குழு, மறதி நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் குளுட்டாதயோன் குறைந்திருப்பதாக 2015-ல் அறிவித்தது. இதை மருத்துவமனைப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆராய்ச்சி நிலையில் உள்ள விஷயம். 'குளுட்டாதயோன் மாத்திரை' விளம்பரங்களுக்கும் இதற்கும் முடிச்சுப் போடவும் கூடாது.

கழித்தல் முறையில் ஒரு ஆபத்து: இடையில் நோயாளி தலையை அசைத்துவிட்டால் இரண்டு பதிவுகளும் பொருந்தாது. கழித்து வருவது குப்பை.

ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் அனந்த் படேலின் ஆய்வகம் எலி மூளையில் வேறு வழியைப் பயன்படுத்துகிறது. கார்பன்-13 என்ற, அடையாளமிட்ட கார்பன் கொண்ட குளுக்கோஸைக் கொடுத்து, அது மூளையில் எந்தெந்தப் பொருளாக மாறுகிறது என்று பின்தொடர்கிறார்கள். கார்பனின் குரல் ஹைட்ரஜனைவிட இன்னும் மெல்லியது. எனவே அதை நேராகக் கேட்காமல், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் வழியாகக் கேட்கிறார்கள். அடுத்த வீட்டு அம்மாவிடம் கேட்டால் பக்கத்து வீட்டுச் சேதி தெரிவது போல.

இவையெல்லாம் இருக்கிற பத்து ஓட்டை வைத்துக்கொண்டு செய்யும் சாமர்த்தியங்கள். அந்தப் பத்தையே லட்சமாக்க முடியாதா?

முடியும் என்று 2003-ல் ஸ்வீடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. யான் ஹென்ரிக் ஆர்டன்சார்-லார்சன் குழு செய்தது இது. கார்பன்-13 கொண்ட பொருளை, ஒற்றை எலக்ட்ரான் உள்ள ஒரு வேதிப்பொருளோடு கலந்து, ஏறக்குறைய மைனஸ் 272 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். அந்தக் குளிரில், காந்தத்துக்குள் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கம் திரும்பிவிடும். மைக்ரோவேவ் அலையைப் பாய்ச்சினால் அந்த ஒழுங்கு கார்பன் அணுக்கருவுக்கும் தொற்றிக்கொள்கிறது. பிறகு சூடான திரவத்தை ஊற்றி நொடியில் கரைத்து எடுத்தார்கள். சிக்னல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடியது. இப்போது பத்து லட்சத்துக்குச் சில என்ற பேச்சே இல்லை. நூற்றுக்கு இருபது, முப்பது.

மருத்துவத்தில் இதற்கு வாய்த்த பொருள் பைருவேட். சர்க்கரையை உடம்பு உடைக்கும்போது இயல்பாக உண்டாவது. புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக லாக்டேட்டாக மாற்றுகின்றன. ஊசியில் ஏற்றிய பைருவேட் எங்கே லாக்டேட்டாகிறது என்பதை மெஷின் கண்ணெதிரே காட்டுகிறது. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 31 பேரிடம் முதன்முதலாக இதைச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். கட்டி சுருங்கும்வரை வாரக்கணக்கில் காத்திராமல், மருந்து வேலை செய்கிறதா என்பதை அதன் வேதியியல் மாற்றத்திலேயே பார்க்கலாம் என்ற நம்பிக்கை இதில் பிறந்தது.

ஆனால் இந்த ஒழுங்கு நிலைக்காது. கரைத்து எடுத்ததிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் குலைந்துகொண்டே போகும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஊசி போட்டு, படமும் எடுத்து முடித்தாக வேண்டும். ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே திரவ ஹீலியம் குளிரூட்டியும், கிருமி புகாமல் மருந்து தயாரிக்கும் ஏற்பாடும் வேண்டும். நம்மூர் மாதிரி இடங்களுக்கு இது பக்கத்தில் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். என் பார்வையில் எளிய வழிகளைத் தேடுகிறவர்களின் வேலையைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் என். சந்திரகுமார் குழு, குளிரூட்டாமல் அறை வெப்பநிலையிலேயே, வலிமை குறைந்த காந்தத்தில் எலக்ட்ரானின் ஒழுங்கைக் கார்பனுக்குக் கடத்தும் முறையொன்றை 2017-ல் வெளியிட்டது. அது ஆய்வகத் திரவங்களில் செய்தது, நோயாளிகளிடம் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2018-ல் காட்டியது இன்னும் எளிமையானது: கன ஹைட்ரஜன் கொண்ட குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, மூளைக் கட்டி அதை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அவசர ஓட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுபடி நம் கையிலுள்ள ரிப்போர்ட்டுக்கு வருவோம். குரல் மெல்லியது என்று தெரிந்துகொண்டால், 'கேட்கவில்லை' என்பதும் 'யாரும் பேசவில்லை' என்பதும் வேறு வேறு என்று புரியும். கோலின் உயரவில்லை என்று எழுதியிருப்பதால் மட்டும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. கட்டி சின்னதாக இருந்திருக்கலாம், பெட்டி அதன் ஓரத்தில் விழுந்திருக்கலாம். அதேபோல் கோலின் உயர்ந்ததால் மட்டும் புற்றுநோய் என்றும் ஆகாது. காசநோய்க் கட்டியின் விளிம்பிலும் கோலின் உயரலாம். உள்ளே அழுகிப்போன புற்றுநோய்க் கட்டியிலும் கொழுப்பு உச்சம் வரும். ஆகவே எம்.ஆர்.எஸ். நல்லபடியாக வந்திருக்கிறது என்று சொல்லி, டாக்டர் கேட்கும் பயாப்சியை மறுத்துவிட்டு ஊருக்குத் திரும்புவது உயிரோடு விளையாடுவது. ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு வீடே அழுது ஓய்வதும் தேவையில்லாதது. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'இந்தக் கோட்டுப்படம் தெளிவாக வந்திருக்கிறதா?' 'மற்ற டெஸ்டுகளோடு இது ஒத்துப்போகிறதா?' இதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஸ்கேனுக்குப் போகும் பெண்கள் ஹிஜாப் பின், ஊக்கு, தலைக்கிளிப், உலோகப் பொத்தான் வைத்த புர்கா இவற்றை வீட்டிலேயே தவிர்த்துவிட்டு, பின் இல்லாமல் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி ஒன்றை எடுத்துச் செல்லலாம். தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊசி இருந்தாலும் ஷிம் கெட்டு, கோடு முழுவதும் பாழாகும், அந்த ஊசி காந்தத்தால் இழுபடவும் கூடும். உடம்புக்குள் பேஸ்மேக்கரோ பழைய ஆபரேஷன் கிளிப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கு இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மற்ற படங்கள் முடிந்து எம்.ஆர்.எஸ். தொடங்கும்போது 'இனி ஐந்து நிமிடம் அசையக் கூடாது' என்று தனியாக நினைவூட்டும்படி டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய ரிப்போர்ட்டோடு அந்தக் கோட்டுப்படத்தையும், பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்று காட்டும் படத்தையும் சி.டி.யில் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டபின் மறுபடி பார்க்கும்போது, பெட்டியை அதே இடத்தில் வைக்க டாக்டருக்கு அதுதான் அடையாளம்.